எழுத்தும் இயந்திரமும்: ஊவா மலையகப் பதிவுகளை முன்வைத்து ஒரு நோக்கு

மலையக இலக்கிய வரலாற்றை ஆராய்வோர் இன்று விசித்திரமான ஒரு முரண்பாட்டை எதிர்நோக்குகின்றனர். பதுளையை அடுத்த தோட்டமொன்றில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ என்ற நாவல் 1974இல் நூலாயிற்று. அதன் பிரதியொன்று கையிற் கிடைப்பின் எவரும் படித்துவிடலாம். ஆனால் இருபது ஆண்டுகள் கழித்துக் கணினியில் கோக்கப்பட்ட தோட்டச் சிறுசஞ்சிகையின் மூலக்கோப்பை இன்றைய கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற வரிகளே தென்படக்கூடும். புதியது பழையதினும் விரைவில் மூப்படைவது ஏன்?

இப்பிரச்சினை தமிழுக்கு மட்டும் உரியதன்று. கணினி விளையாட்டுகளின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1980களின் விளையாட்டுகள் சில, செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. விரைவான செயலிகள் வந்தபோது அவை ஆடவியலாத வேகத்தில் ஓடின. 64 பிட் விண்டோஸ், 16 பிட் நிரல்களை இயக்குவதையே கைவிட்டது. இதற்கு இரு தீர்வுகள் உண்டு. 2002இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் போன்றவற்றால் பழைய இயந்திரச் சூழலைப் புதியதற்குள் போலியாகப் படைப்பது ஒன்று. மூலநிரலைத் திருத்திப் புதிய இயந்திரத்துக்கேற்ப அமைப்பது மற்றொன்று. மூலநிரல் நிறுவனச் சொத்தாக முடங்கியோ தொலைந்தோ போனவிடத்துப் பின்னைய வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

தமிழ் எழுத்துக்கு நேர்ந்ததும் இதனையொத்ததே. 1991இல் வெளியான யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் விண்டோஸ் இயங்குதளம் அதற்கு ஆதரவளித்தது விண்டோஸ் 2000இலேயே. இடைக்காலத்தில் இலங்கை அச்சகங்களிற் பரவிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியது. ‘அம்மா’ என்பதன் மெய்ப்புள்ளி, கோப்பினுள் ஓர் அரைப்புள்ளியே. எழுத்துரு இருக்கும்வரைதான் அது தமிழ். பக்கமமைக்கப் பயன்பட்ட பேஜ்மேக்கர் யூனிகோடை ஏற்காமையால், 2000இன் பின்னரும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

மாற்றுநிரல்கள் இன்று உள்ளன. எனினும் பெயர்ப்பு எளிதன்று. ‘தொழிலாளர்’ என்பதன் முதலெழுத்தைப் பாமினி கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில், கொம்பு, தகரம், கால் எனச் சேமிக்கிறது. யூனிகோடோ மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் பாமினியில் ஒரே வடிவமாதலின், ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகிவிடுவதும் உண்டு. இப்பிழைகளை இறுதியில் மனிதக் கண்ணே களைய வேண்டியுள்ளது.

இங்குதான் சமூக வினா எழுகின்றது. கோப்பினுள் உறைந்துள்ளது ஏலவே செலவிடப்பட்ட உழைப்பு. மார்க்ஸின் சொல்லில் அது இறந்த உழைப்பு. அதனை உயிர்ப்பிக்க மீண்டும் உயிருள்ள உழைப்பு வேண்டும். ஊதியமற்ற இப்பணி பெரிதும் தன்னார்வலர் தோளிலேயே விழுகிறது. விற்பனைப் பெறுமதி குன்றாத விளையாட்டை நிறுவனமே புதுப்பித்துக்கொள்ளும். பசறையிலோ அப்புத்தளையிலோ வெளியான துண்டுப்பிரசுரத்தைப் புதுப்பிக்க எந்தச் சந்தையும் முன்வராது.

தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை இது வெறும் தொழில்நுட்பச் சிக்கலன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, இம்மண்ணோடு தமக்குள்ள பிணைப்பை ஆவணங்களால் நிறுவுமாறு கோரப்பட்டவர்கள் அவர்கள். தோட்டத்துரையின் அலுவலகப் பதிவேடு அவர்களைப் பெயராகவும் நாட்கூலியாகவும் மட்டுமே கண்டது. அவர்கள் தம்மைத்தாமே கண்ட பதிவுகள் சிறுசஞ்சிகைகளிலும் தொழிற்சங்க வெளியீடுகளிலும் உள்ளன. அவை வாசிக்கவியலாதனவாயின், எதிர்கால வரலாற்றாசிரியனுக்கு எஞ்சுவது துரைமாரின் சான்று மட்டுமே.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அச்சுப்பக்கங்களைப் படிமங்களாகப் பேணுவது முக்கியமானதொரு முயற்சி. படிமம் எந்த எழுத்துருவையும் சார்ந்திராது. ஆயினும் அதனுள் நேரடியாகச் சொல் தேடவியலாது. ஆதலின் மூலக்கோப்பு, அதன் எழுத்துரு, திருத்திய யூனிகோட் வடிவம், பக்கப் படிமம் ஆகிய நான்கும் ஒருங்கே பேணப்படுதல் வேண்டும். பதுளையின் பழைய கணினிகளிலும் வட்டுகளிலும் இத்தகைய கோப்புகள் எஞ்சியிருப்பின், அவற்றைக் கோத்த கைகள் உள்ளபோதே திரட்டுவது நம் உடனடிக் கடமையாகும். எழுத்து பொதுவுடைமை, அதனைத் திறக்கும் சாவியும் அவ்வாறே ஆகவேண்டும்.