ரைபோசோம்

செல்லுக்குள் புரதம் உருவாகும் நுண்துகள் ரைபோசோம். 1950களின் நடுவில் செல் உயிரியலாளர் ஜார்ஜ் பலாடி அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தபோது அதற்குத் தனிப்பெயர் இல்லை. 'மைக்ரோசோம் பகுதியின் ரைபோநியூக்ளியோபுரதத் துகள்கள்' என்று நீட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. 1958இல் அறிவியலாளர் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 'ரைபோசோம்' என்ற சொல்லை முன்வைத்தார். ஒலி இனிமையாக இருப்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

'சோமா' கிரேக்கத்தில் உடல். 'ரைபோ'வின் கதைதான் இன்னும் சுவையானது. அரபிக் கோந்தின் பெயரிலிருந்து வந்தது அராபினோஸ் என்ற சர்க்கரை. 1891இல் வேதியியலாளர்கள் எமில் ஃபிஷரும் ஆஸ்கர் பிலோட்டியும் அதிலிருந்து வேறொரு சர்க்கரையை உருவாக்கி, பழைய பெயரின் சில எழுத்துகளையே இடம் மாற்றி 'ரைபோஸ்' என்றார்கள். மூலக்கூறில் அணுக்களின் அமைவு சற்றே மாறியதற்கேற்ப எழுத்துகளையும் மாற்றியது எவ்வளவு பொருத்தம்!

மனித ரைபோசோமில் 80 புரதங்கள் உண்டு. ரைபோசோமின் இரு பாகங்களான துணையலகுகளில், பெரியதைச் சேர்ந்தவற்றின் பெயர்கள் 'ஆர்பிஎல்' என்றும், சிறியதைச் சேர்ந்தவற்றின் பெயர்கள் 'ஆர்பிஎஸ்' என்றும் தொடங்கும். (பாக்டீரியாவின் சிறிய துணையலகு அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 2009 நோபல் பரிசு பெற்றவர்.)

இந்த மனித ரைபோசோம் புரதங்கள் அடங்கிய ஆய்வகக் குப்பியில், புரதத்தின் பெயருக்கு முன் 'ரீகாம்பினன்ட்' என்றிருந்தால் மறுசேர்க்கைப் புரதம் என்று பொருள். மனித மரபணுவைப் பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவில் புகுத்தி, அதைக் கொண்டே உற்பத்தி செய்தது. 'ஹிஸ் டேக்' என்றால், புரதத்தின் நுனியில் வழக்கமாக ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அவை சுத்திகரிப்புக் குழாயில் உள்ள நிக்கல் அயனிகளைப் பற்றிக்கொள்ளும். பாக்டீரியாவின் மற்ற புரதங்கள் பெரும்பாலும் கழுவப்பட்டு வெளியேற, இந்தப் புரதம் தங்கிவிடும். பிறகு இமிடசோல் கரைசலை ஊற்றி விடுவித்து எடுப்பார்கள்.