மரையும் மறைவும்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் மானைத் துரத்துவதில்லை. தரையில் ஒரு சின்னக் கூடாரம் போட்டு அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். இலை, கிளை அச்சடித்த துணி, நாலு பக்கமும் கைப்பிடி அளவு ஜன்னல். மணிக்கணக்காகச் சத்தமில்லாமல் காத்திருந்து, மான் கிட்ட வந்ததும் சுடுவார்கள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் உரிமம் வாங்கிய சாதாரண ஆள் ஒருவர் அரசுக் காட்டில் இப்படி உட்காரலாம் என்பது அங்கே பல இடங்களில் வழக்கம். காடும் பொதுச்சொத்து, மானும் பொதுச்சொத்து என்பதுதான் அதற்குப் பின்னால் இருக்கிற எண்ணம்.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருந்துகொண்டு இதைக் கேட்டால் வேற்றுக்கிரகக் கதை மாதிரி இருக்கும். இங்கே மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, வேட்டை குற்றம். அது இருக்கட்டும். நாங்கள் கேட்க நினைப்பது அதற்கு முந்திய கேள்வி: வேட்டை குற்றமாகாத காலத்திலும் இந்த மலையில் யாரால் வேட்டையாட முடிந்தது?

மறைந்திருந்து சுடுவது இந்தத் தீவுக்குப் புதுசு இல்லை. வறண்ட வலயத்தில் கோடையில் குளமெல்லாம் வற்றும்போது, மிஞ்சிய நீர்க்குழிக்குப் பக்கத்தில் இலைதழையால் மறைப்புக் கட்டியோ மரத்தில் பரண் போட்டோ இராத்திரியில் காத்திருப்பார்கள். தண்ணிக்கு மான் வந்தே ஆக வேண்டும். மலைநாட்டில் இந்தக் கணக்கு சரிவராது. இங்கே திரும்பின பக்கமெல்லாம் ஓடை, மிருகம் எங்கே வேண்டுமானாலும் குடிக்கும். மரை பகலில் அடர்காட்டுக்குள் கிடந்து, இருட்டின பிறகுதான் புல்வெளிக்கு வரும்.

அதனால் இங்கே வந்த வெள்ளைக்காரர் வேறு வழி பார்த்தார்கள். அவர்களில் பேர் போனவர் சாமுவேல் பேக்கர். ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கிற பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பேரில்தான். 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்கள், மாடுகள், நாய்கள் சகிதம் நுவரெலியாவுக்குக் குடிவந்து பண்ணை போட்டார். நாய்க் கூட்டத்தை விட்டு மரையைத் துரத்த வைப்பார். களைத்த மரை ஆற்று மடுவில் இறங்கித் திரும்பி நின்று நாய்களோடு மல்லுக்கட்டும். அப்போது இவர் கத்தியோடு உள்ளே இறங்குவார். மரையை அவர்கள் 'எல்க்' என்று கூப்பிட்டார்கள், எல்க் என்ற மிருகம் இந்தத் தீவிலேயே கிடையாது! இந்த வேட்டைகளைப் பற்றி 1854இல் ஒரு புத்தகமே வெளியிட்டார் பேக்கர். அவருக்கு முந்தியவர் மேஜர் ரோஜர்ஸ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர் வாங்கியவர், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது.

இவர்களுக்கு வேட்டை 'ஸ்போர்ட்'. மிருகத்துக்கும் தப்ப ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டுமாம். நீர்க்குழிப் பக்கம் ஒளிந்திருந்து சுடுகிறவன், கண்ணி வைக்கிறவன், இறைச்சிக்கும் தோலுக்கும் கொல்லுகிறவன் எல்லாம் கீழ்த்தரம். இருபது நாய் சூழ்ந்த மரைக்கு என்ன வாய்ப்பு என்று யாரும் கேட்கவில்லை.

மறைந்திருந்து கொல்வது சரியா என்ற வழக்கு நமக்குத் தெரியாததா? வாலி வதம் பட்டிமன்றங்களில் இன்றுவரை அதுதானே தலைப்பு. வால்மீகியில் இராமன் சொல்லும் சமாதானங்களில் ஒன்று, மனிதர் மிருகங்களை மறைந்திருந்தும் வலை போட்டும் கொல்வது வழக்கம், நீயோ குரங்கு என்பது. மாயமானைத் துரத்திப்போன அதே இராமன்தான். சீதையைச் சிறைவைத்த இடம் என்று சொல்லப்படுகிற சீதா எலிய கோயில், பேக்கரின் நாய்கள் ஓடிய இந்த நுவரெலிய மலையில்தான் இருக்கிறது.

சரி, காடு யாருடையது? 1840இல் வந்த 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, உரித்தை நிரூபிக்க முடியாத காடும் தரிசும் முடிக்குரிய காணி என்று கொள்ளப்பட்டது. கண்டிய கிராமத்து மக்களிடம் ஏது உறுதி? தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த, மாடு மேய்த்த, வேட்டைக்குப் போன காடு ஒரே சட்டத்தில் அரசின் கைக்குப் போனது. பிறகு கோப்பிக்காகத் துரைமாருக்கு ஏக்கர் கணக்கில் விற்றார்கள். 1848இல் துவக்குக்கும் நாய்க்கும்கூட வரி வந்தது. அந்த ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இந்த வரிகளும் ஒரு காரணம். பேக்கர் நாய்களோடு வந்து இறங்கிய அதே ஆண்டு!

காடு அழிய அழிய மிருகமும் குறைந்தது. 1873இல் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விற்காமல் நிறுத்தினார்கள். ஹோர்ட்டன் சமவெளி தப்பியதற்கு அது முக்கிய காரணம். 1894இல் தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியர்களும் சேர்ந்து வேட்டை மிருகங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மூலம் அதுதான். அதன் உழைப்பில் நல்லது நிறைய நடந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே 'எங்கட வேட்டைக்கு மிருகம் மிஞ்ச வேண்டும்' என்ற கவலையிலிருந்து பிறந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1937இல் வந்த விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான், பல திருத்தங்களோடு, இன்றைக்கும் நடைமுறையில்.

இந்தக் கதையில் நம்ம ஆட்கள் எங்கே? மலையில். காட்டை வெட்டி, கோப்பி நட்டு, அது நோயில் போனபின் தேயிலை நட்டவர்கள். துரை வேட்டைக்குப் போனால் சாமான் சுமக்கவும் விழுந்த மரையைத் தூக்கி வரவும் ஆள் வேண்டும். துவக்கு துரையிடம், உரிமமும் துரையிடம். லயத்துக்குப் பின்னால் ஒரு முழம் மரக்கறித் தோட்டம்கூடத் தோட்ட நிர்வாகம் மனசு வைத்தால்தான். 1948இல் குடியுரிமையும் போனது. மிச்சமிருந்தவர்களுக்கு அது முழுசாகத் திரும்பிக் கிடைக்க 2003 ஆனது. அரச காணி பொதுச்சொத்து என்கிறோம், அந்தப் 'பொது'வுக்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் இவர்கள் இல்லை.

இதையெல்லாம் சொல்வது சுருக்குக் கம்பிக்கு வக்காலத்து வாங்க இல்லை. 2020 மே மாதம் ஹட்டனுக்கு அப்பால் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்தது. சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு வைக்கப்படுபவை. பிரேக் கம்பி ஒன்று போதும், செலவே இல்லை. ஆனால் மறைவிடத்தில் உட்கார்ந்திருப்பவன் குறைந்தபட்சம் வருவது என்ன மிருகம் என்று பார்க்கிறான். குட்டி கூட வந்தால் விடலாம், சிறுத்தை வந்தால் விடலாம். சுருக்குக்குக் கண் கிடையாது. கட்டுத்துவக்குக்கும் அப்படித்தான், அதில் கால் போன மனிதர்கள் உண்டு. வைத்தவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான், கம்பி வயிற்றை இறுக்கிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு தடவை சிறுத்தை சிக்கும்போதும் செய்தியில் தோட்டத்து ஆட்கள்தான் குற்றவாளி. வைத்தவருக்குத் தண்டனை வேண்டும், சந்தேகமில்லை. அதோடு, பன்றி கிழங்கைத் தோண்டிப்போட்டால் நட்டஈடு யார் தருவது, வேலி அடிக்கக் காசு யார் தருவது, தேயிலைக்கு நடுவே விட்ட காட்டுத்துண்டுகளைப் பார்த்துக்கொள்வது தோட்டக் கம்பனியின் பொறுப்பா இல்லையா என்றும் அதே செய்தியில் யாராவது கேட்கலாமே.

ஹோர்ட்டன் சமவெளியில் ஃபார் இன் என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. தோமஸ் ஃபார் என்ற துரையின் பேரில், வேட்டைக்காரர் தங்குவதற்காக இருந்தது. 1988இல் சமவெளி தேசிய பூங்காவாகி, இப்போது அந்தக் கட்டடம் வருகிறவர்களுக்கான நிலையம். அதன் முன்னால் மரைகள் வந்து நிற்கின்றன. ஆள் கிட்டப் போனாலும் ஓடாது. பிஸ்கட் கொடுக்காதீர்கள் என்று சொல்லச் சொல்லக் கொடுக்கிறார்கள்.