முத்துக்குளித்துறையில் ஓர் இலத்தீன் பாடல்

திருச்சபையின் வரலாற்றைச் சங்கத் தீர்மானங்களில் தேடும் நாம், மக்கள் நாவில் நின்ற பாடல்களில் அதைத் தேடுவது அரிது. ‘சால்வே ரெஜினா’ என்னும் இலத்தீன் பாடல் அவ்வாறு தேடத்தக்கது. மரியாளை இரக்கத்தின் அன்னையாக விளித்து மன்றாடும் இப்பாடல், கத்தோலிக்கத் துறவு மடங்களில் இரவு வழிபாட்டின் இறுதியில் ஒற்றைக்குரல் இசையாக ஒலித்தது. பின்னர் இசைவல்லுநர் அதனைப் பல குரல்களுக்குப் பகுத்து அமைத்தனர். ஸ்பானிய இசைமேதை விக்டோரியா எட்டுக் குரல்களுக்கு அமைத்த வடிவம் 1576-இல் வெனிஸ் நகரில் அச்சேறியது. பயிற்சி பெற்ற பாடகர் குழுவே அதனைப் பாட இயலும்.

இப்பாடல் முத்துக்குளித்துறைக்கு வந்த வகை வேறு. 1535-க்கும் 1537-க்கும் இடையில் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்களுக்குப் போதிப்பார் அரியராயினர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவர் தமிழ் அறியாதவர். இருமொழியும் அறிந்தாரைக் கூட்டி, விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றோடு இப்பாடலையும் தமிழாக்கினார். கையில் மணியேந்திச் சிறுவரையும் பெரியோரையும் கூட்டியதையும், சிறுவர் தாம் கற்றதைப் பெற்றோருக்குக் கற்பிக்குமாறு ஏவியதையும் 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். அம்மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. விசுவாசப் பிரமாணத்தில் ‘வேணும்’ என்றிருந்ததைத் திருத்துமாறு அவரே பின்னர் உடனூழியருக்கு எழுதினார். ‘கிருபை தயாபத்து மந்திரம்’ என்ற பெயரில் தமிழ்க் கத்தோலிக்கர் இன்றும் இச்செபத்தைச் சொல்லி வருகின்றனர்.

சீர்திருத்தச் சபையாராகிய நமக்கு இப்பாடலில் தடையுண்டு. கிறிஸ்துவுக்குரியதை மரியாளுக்கு அளிக்கிறது என லூத்தர் இதனைக் கண்டித்தார். 1520-களில் நியூரம்பர்க் நகரின் செபால்ட் ஹைடன், கிறிஸ்துவை நோக்கிய பாடலாக இதன் சொற்களை மாற்றினார். ஒரே மத்தியஸ்தரைப் பற்றிய அப்போஸ்தலப் போதனையை நாம் விட்டுக்கொடுக்க இயலாது. ஆயினும், தாய்மொழியில் செபித்தல் தமிழகத்துக்குச் சீர்திருத்தத்தின் வழியாகவே வந்தது என நாம் பெருமை பாராட்டுவது நேர்மையன்று. சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியது 1706-இல். அதற்கு 160 ஆண்டுகளுக்கு முன்னரே முத்துக்குளிப்போரின் பிள்ளைகள் தமிழில் செபித்தனர். திருப்பலி மட்டும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை இலத்தீனிலேயே நடைபெற்றது என்பதும் உண்மையே.

நம் ஞானப்பாட்டுகளின் வரலாற்றோடு இதனை ஒப்பிடலாம். 18-ஆம் நூற்றாண்டில் பப்ரிசியுஸ் ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கியபோது மேனாட்டு இராகம் காக்கப்பட்டது; தமிழ்ச் சொற்கள் அதற்கு வளைந்தன. முத்துக்குளித்துறையிலோ பொருளே முதலிடம் பெற்றது. கரையோர மக்கள் அனைவருமே பாடகர் குழுவாயினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் தமிழ் இசையில் பாடல்கள் இயற்றியபோதுதான் நம்மிடையே இசையும் பொருளும் ஒருங்கே மக்களுடையவாயின.

இன்று நம் ஆலயங்களில் பாடகர் குழுவினர் நான்கு குரல்களில் சிறப்புறப் பாடுகின்றனர். அது நன்றே. ஆயினும் சபையார் கேட்போராக மட்டும் அமர்ந்திருப்பின், நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் கடற்கரை மணலில் நின்ற அச்சிறுவர் நமக்கு ஆசிரியராவர். தாம் கற்றதை அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். நம் பாடல்களில் எத்தனை அவ்வாறு வீடு சேர்கின்றன?