பாலைநிலக் கரடுமுரடு: செய்மதிவழி அளவீடு

கல், சரளை, உப்புப்பாளம், மணல் அலை என்பவற்றால் பாலைநிலத் தரையில் உண்டாகும் சிறு மேடுபள்ளங்களைச் செய்மதிப் படங்களைக்கொண்டு கணிக்கும் முறை இது. எந்தத் தரையிலிருந்து காற்று எளிதில் தூசி கிளப்பும், எந்த வண்டல் விசிறி பழையது என்பவற்றை அறிய இவ்வளவீடு உதவுகிறது.

தரை கரடா வழுவழுப்பா என்பதைத் தரை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன்மேல் விழும் அலையின் நீளத்துக்கும் அதில் பங்குண்டு. ரேலி பிரபுவின் பெயரால் வழங்கும் விதிப்படி, மேடுபள்ளத்தின் உயரம் அலைநீளத்தில் ஏறக்குறைய எட்டிலொரு பங்குக்குக் குறைவாயின் தரை கண்ணாடி போல் அலையை வேறு பக்கம் தெறிக்கச்செய்து, ராடார் படத்தில் கறுத்துத் தெரியும். அலை சாய்வாக விழுந்தால் இந்த எல்லை சற்றுக் கூடும். சென்ரினல்-1 செய்மதியின் ராடார் அலை சுமார் 5.5 சென்ரிமீற்றர் நீளமானது. அது 35 பாகை சாய்வில் விழும்போது எல்லை 0.85 சென்ரிமீற்றர், 24 சென்ரிமீற்றர் அலைக்கோ 3.7 சென்ரிமீற்றர். ஆகவே ஒரே சரளைத் தரை முதலாவதில் வெளிறியும் மற்றதில் கறுத்தும் தெரியலாம்.

ஒளிப் படங்களில் நிழலே சான்று. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட ரெரா செய்மதியின் அஸ்ரர் கருவி, ஒரே இடத்தை நேர்கீழாகவும் பின்புறச் சாய்விலும் படமெடுக்கும். கரடான தரையில் இரு படங்களிலும் தெரியும் நிழலின் அளவு வேறுபடும். ஒன்றின் பிரகாசத்தை மற்றதால் வகுத்தால் பாறையின் நிறம் பெருமளவு நீங்கி, நிழலின் வேறுபாடு எஞ்சும். எளிமையான, அழகான உத்தி. ஆனால் முகில் மறைத்தால் பயனில்லை.

ராடாருக்கு முகில் தடையில்லை. கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில், கூர்முனைகளாக எழுந்த உப்புப்பாளங்கள் 25 சென்ரிமீற்றர் அலைப் படங்களில் பளிச்சிடுவதை 1970களிலேயே ஆய்வாளர் பதிவுசெய்தனர். 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து எடுத்த படங்களோ கிழக்குச் சகாராவின் மணலுக்கு அடியில் புதைந்த பழைய ஆற்றுப் பள்ளங்களைக் காட்டின. வறண்ட மணலை அலை ஊடுருவியதே காரணம். கரடுமுரடை அளக்க நினைப்பவருக்கு இது ஓர் எச்சரிக்கையும்கூட: படத்தில் தெரிவது எப்போதும் மேற்பரப்பாக இருக்க வேண்டியதில்லை.

பாலையில் ஈரம் இல்லாததால் கணக்கு ஓரளவு தெளிவாக இருக்கும். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் அப்படியல்ல. ஒட்டுசுட்டானை அடுத்த முத்தையன்கட்டுக் குளத்தின் அமைதியான நீர்ப்பரப்பு ராடாரில் கறுப்பாகத் தெரியும். காற்று நீரைக் கலக்கினால் அதுவும் வெளிறும். காலபோகத்துக்காகப் புழுதி உழுது கட்டிபுரண்ட வயல், கட்டிகளின் கரடால் பிரகாசிக்கும். மழை விழுந்த சமவயலும் பிரகாசிக்கும், ஆனால் ஈரத்தால். ஒற்றைப் படத்தில் இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். காட்டில் இன்னொரு சிக்கல்: குறுகிய அலை பெரும்பாலும் இலைத்தொகுதியிலேயே சிதறிவிடும், நீண்ட அலையே தரைவரை இறங்கும்.

2025 ஜூலை 30 அன்று சிறீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செய்மதி, ஏறத்தாழ 24, 9 சென்ரிமீற்றர் நீளமான இரு அலைகளைக் கொண்டது. 12 நாளுக்கொருமுறை அதே பாதைக்குத் திரும்பும். வன்னியில் கரடுமுரடை மட்டும் அறிய விரும்புவோர், ஆடி, ஆவணி மாதங்களில் காய்ந்து கிடக்கும் வயல்களையும் நீர் வற்றிய அலைகரைகளையும் தேர்ந்து, இரு அலைப் படங்களையும் அருகருகே ஒப்பிடுவது நல்லது.