கொடிமரமும் எல்லைக்கல்லும்: கல்முனைக் கரையில் பள்ளிவாசலும் ஊராட்சியும்

1626 இல் போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டியரசன் செனரத் அவர்களில் பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அங்கு மட்டும் 4,000 பேர் என்று எழுதுகிறார் பாதிரியார் குவேறோஸ். வந்தவர்கள் இந்தக் கரையின் தாய்வழிக் குடிமுறைக்குள் அமைந்துபோனார்கள். வீடு பெண்ணுக்குச் சீதனம். குடி தாயின் வழி. இந்துக் கோயிலில் குடிக்கொரு வண்ணக்கர் இருந்ததுபோல் பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் இருந்தார். அக்கரைப்பற்றை ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த ஒப்புமையை விரிவாகக் காட்டியிருக்கிறார். மரைக்காரைத் தொழுகை நடத்துபவராக எண்ணிவிடக் கூடாது. பிணக்குத் தீர்ப்பவரும், பள்ளிக் காணியைப் பார்ப்பவரும், தன் குடிக்காகச் சபையில் பேசுபவரும் அவரே.

குடிப் பிரதிநிதித்துவம் 20 ஆம் நூற்றாண்டில் தளர்ந்தது. 1931 இன் கட்டளைச் சட்டமும் 1956 இன் 51 ஆம் இலக்க வக்ஃபுச் சட்டமும் நம்பிக்கைப் பொறுப்பாளர் நியமனத்தைக் கொழும்பின் அங்கீகாரத்துக்கு உட்படுத்தின. குடியின் இடத்தை மெல்ல மெல்ல மஹல்லா, அதாவது பள்ளிவாசலைச் சூழ்ந்த குடியிருப்பு வட்டம், பிடித்தது. இரத்தவழி போய் நிலவெல்லை வந்தது என்பதே என் வாசிப்பு.

இந்த எல்லைக்குள் அடங்காதது கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளி. அந்தப் பள்ளி போற்றும் சூஃபி ஞானி சாகுல் ஹமீது ஒலியுல்லாவின் அடக்கம் அங்கே இல்லை, அது நாகூரில். ஆனாலும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நாகூர்க் கந்தூரியை ஒட்டி இங்கும் கொடி ஏறும். பன்னிரண்டு நாள் விழா. சுற்றூர் முஸ்லிம்களோடு நேர்த்தி வைத்த இந்துக்களும் வருவார்கள். தௌஹீத் பிரசாரகர் பல ஆண்டுகளாகக் கண்டித்தும் கொடியேற்றம் நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி அம்பாறை மாவட்டத்தில் 10,000 க்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. பள்ளியைச் சூழ்ந்த வீடுகள் அழிய, பள்ளி நின்றது. பக்தர்கள் இதைக் கராமத்து, அதாவது ஒலியின் அற்புதம், என்றனர். ஆய்வாளனுக்கு வேறொன்றும் கண்ணில் படுகிறது: கரையோரக் குடும்பங்கள் உள்நிலத் திட்ட வீடுகளுக்குப் போனதால் மஹல்லாக்களின் ஆள்கணக்கே மாறியது.

பள்ளிவாசல் நேரடியாக ஊராட்சிக் கோரிக்கையில் இறங்கியதைக் கல்முனைக்கு அடுத்த ஊரான சாய்ந்தமருதில் காண்கிறோம். ஒப்பிட்டுப் பாருங்கள்: இங்கிலாந்தில் தேவாலயப் பங்குச் சபையே ஏழை நிவாரணமும் பாதைப் பராமரிப்பும் பார்த்து வந்தது. 1894 இன் சட்டம் அச்சபையின் எஞ்சிய ஊராட்சிப் பணிகளைத் தேர்தல் வழி வந்த சபைகளிடம் கொடுத்தது. சாய்ந்தமருதின் பயணம் எதிர்த்திசையில். கரவாகு தெற்கு எனத் தனிக் கிராம சபையாயிருந்த ஊர், 1987 க்குப் பின் கல்முனையோடு சேர்க்கப்பட்டது. தனிச் சபை கேட்டு அலுத்த மக்களுக்குக் கட்சிகள் உதவாதபோது, ஜும்ஆப் பள்ளிவாசலே சுயேச்சைக் குழுவை நிறுத்தியது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அது ஊரின் வட்டாரங்களை வென்றது.

2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபைக்கான வர்த்தமானி வெளியானது. சில நாட்களிலேயே அமைச்சரவை அதை நிறுத்தியது. மதத் தலைவர்கள் ஊராட்சிக் கோரிக்கையில் இறங்கியது சாய்ந்தமருதில் மட்டுமல்ல: அதற்கு முந்திய ஆண்டு கல்முனை வடக்குத் தமிழர், தங்கள் உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தப் பந்தலில் பௌத்த பிக்குவும் இந்துக் குருக்களும் அருகருகே அமர்ந்திருந்தார்கள்.