விருந்தினருக்காக எழுந்த மாளிகை

மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சாக் கோட்டைக்குள், ராஜ மகாலுக்கும் ஜஹாங்கீர் மகாலுக்கும் அருகே ஷீஷ் மகால் என்றொரு சிறிய மாளிகை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உதைத் சிங் என்னும் புந்தேல மன்னர் தமக்கெனக் கட்டிக்கொண்டது. 2008ஆம் ஆண்டு ஜனவரியில் நாங்கள் நால்வர் அங்கே இரண்டு இரவுகள் தங்கினோம். மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அப்போது அதனை விடுதியாக நடத்திவந்தது. அரண்மனை விடுதி என்றவுடன் ராஜஸ்தானத்துப் பகட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கட்டில், கனத்த இரண்டு கம்பளிகள், ஒரு மேசை, அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் கூரை, அவ்வளவுதான் அறை. பெயர் கண்ணாடி மாளிகை; நாங்கள் கண்டதோ சுண்ணாம்பு பூசிய தடித்த சுவர்களை. சாளரத்தைத் திறந்தால் சதுர்புஜர் கோயிலின் சிகரம் தெரிந்தது. கல்லூரி ஆசிரியர்களின் பைக்கு அடங்கும் வாடகையில் இதற்குமேல் வேறென்ன வேண்டும்?

அங்கே தங்குவதில் ஒரு வசதி உண்டு. மாலையில் நுழைவுச்சீட்டுக் கூட்டம் கலைந்தபின் முற்றங்கள் முழுதும் நமக்கே. பேத்வா நதியின் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும். கழுகுகள் மாடங்களில் வந்து அடையும். ஜஹாங்கீர் மகாலின் கிழக்கு வாயிலில் இரு புறமும் நிற்கும் கல் யானைகளை அந்த வேளையில் பார்க்க வேண்டும். பெரிய சதுர முற்றம், அதைச் சூழ அடுக்கடுக்காக ஏறும் அறைகள், மேலே எட்டுப் பெரிய குவிமாடங்கள், ஆங்காங்கே நீல ஓட்டுப் பதிப்புகளின் மிச்சம். இத்தனையும் ஒரு விருந்தினருக்காகவாம்! பாதுஷா ஜஹாங்கீர் ஒரே ஒரு இரவு தங்கிச் செல்ல இது கட்டப்பட்டது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். ஓரிரவு என்பது கதையாகவே இருக்கட்டும். கட்டிய வீர்சிங் தேவுக்கும் ஜஹாங்கீருக்கும் இருந்த உறவு கதையன்று. அதன் விலை ஓர் அறிஞரின் தலை.

1602இல் ஜஹாங்கீர் இன்னும் இளவரசர் சலீம்தான். தந்தை அக்பரோடு பகைத்து அலகாபாத்தில் தனி அரசு நடத்திக்கொண்டிருந்தார். தக்காணத்திலிருந்த அபுல் ஃபசலை அக்பர் ஆக்ராவுக்கு அழைத்தார். ‘அக்பர்நாமா’வையும் ‘ஐன்-இ-அக்பரி’யையும் எழுதியவர் அவர்; மகாபாரதத்தின் பாரசீக மொழிபெயர்ப்புக்கு முன்னுரை வரைந்தவரும் அவரே. அவர் வந்து சேர்ந்தால் தமக்குக் கேடு என்று சலீம் கருதினார். வழியிலோ புந்தேலர் நாடு. அண்ணன் ராம் ஷா ஓர்ச்சாவில் ஆள, தமக்கென அரசில்லாமல் கிளர்ச்சி செய்துகொண்டிருந்தார் வீர்சிங். சலீம் அவருக்கு ஆள் அனுப்பினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் குவாலியருக்குத் தெற்கே அபுல் ஃபசலை வழிமறித்துக் கொன்றார்கள். உடல் அந்திரியில் புதைக்கப்பட்டது. தலை அலகாபாத்துக்குப் போயிற்று.

இதை நாம் எதிரிகள் எழுதிவைத்த அவதூறு என்று ஒதுக்க வழியில்லை. ஜஹாங்கீரே தம் நினைவுக் குறிப்புகளில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்: வீர்சிங்குக்குச் சொல்லியனுப்பியது தாமே, தலை தமக்கு வந்து சேர்ந்தது, வீர்சிங்குக்கு மூவாயிரவர் பதவி அளித்தோம் என்று. 1605இல் அரியணை ஏறியதும் ராம் ஷாவை விலக்கி ஓர்ச்சாவை வீர்சிங்குக்கே கொடுத்தார். இதில் இன்னொன்று: கொல்லப்பட்ட அபுல் ஃபசலின் மகன் அப்துர் ரகுமானும் அதே ஜஹாங்கீரிடம் அஃப்சல் கான் என்ற பட்டத்தோடு பணிபுரிந்தார், பிகாரின் ஆளுநராகவும் உயர்ந்தார். அரசவை என்பது எத்தனை இறுகிய நெஞ்சங்களைக் கேட்கும் இடம்!

நமக்கு இதனினும் முக்கியமானவர் வேறொருவர். அந்த அரசவையிலிருந்த கவிஞர் கேசவதாசர். பிரஜ் மொழியில் அணியிலக்கண மரபை நிலைநிறுத்தியவர்களில் தலையாயவர். அவர் நூல்களை ஆண்டு வரிசையில் வைத்தாலே ஓர்ச்சாவின் வரலாறு தெரிந்துவிடும். தொடக்க காலத்து ‘ரத்தன்பாவனி’ அக்பரின் படையோடு பொருது மாண்ட புந்தேல இளவரசனைப் பாடுகிறது. 1607இல் ‘வீர்சிங்தேவ் சரித்’, அண்ணனின் அரசைப் பெற்ற தம்பியைப் பாடுகிறது. 1612இல் ‘ஜஹாங்கீர் ஜஸ் சந்திரிகா’, அக்பரின் மகனையே பாடுகிறது. அதுவும், கவிஞரை அதுவரை ஆதரித்துவந்த இந்திரஜித், வீழ்ந்த ராம் ஷாவின் பக்கத்தவர்.

காற்றடித்த பக்கம் சாய்ந்த புலவர் என்று எங்களில் ஒருவர் அன்றிரவு தீர்ப்பே வழங்கிவிட்டார். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அபுல் ஃபசல் கொலையைக் கேசவதாசர் விட்டுவிடவில்லை. புரவலரின் புகழ் நூலில் அதைத் தொடாமலே நழுவியிருக்கலாம். அல்லது மாண்டவரைக் கொடியவராக்கிக் கணக்கை நேர்செய்திருக்கலாம். அவர் காட்டும் அபுல் ஃபசல் தப்பியோடச் சொன்ன அறிவுரையை மறுத்து நின்று பொருதவர். செய்தி கேட்டு அக்பர் கொண்ட துயரத்துக்கும் நூலில் இடமுண்டு. அந்நூல் முழுவதையும் தானத்துக்கும் லோபத்துக்கும் நடக்கும் வாதமாக அமைத்திருக்கிறார். அண்ணனிடமிருந்து அரசைப் பெற்ற ஒருவரின் சரிதத்தை ஈகையும் பேராசையும் பேசி முடிக்கட்டும் என்று விட்ட புலவரை வெறும் முகத்துதிக்காரர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. புரவலர் தமக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

ஜஹாங்கீர் மகாலுக்கு வடக்கே தோட்டத்தோடு ஒரு சிறு மாளிகை இருக்கிறது. இந்திரஜித்தின் அவையில் பாடலும் ஆடலும் வல்லவராயிருந்த ராய் பிரவீணின் பெயரால் வழங்குவது. அக்பர் அவரை ஆக்ராவுக்கு வரவழைத்தார் என்றும், ஒரு சாதுரியமான பாவைச் சொல்லி அவர் மீண்டார் என்றும் கதை. கதையைவிட நமக்கு உவப்பானது, கேசவதாசர் இந்த மாணவிக்குக் கவிதையியல் கற்பிக்கவே 1601இல் ‘கவிப்பிரியா’ என்ற நூலை இயற்றினார் என்பது. அந்நூல் பெரிதும் சார்ந்து நிற்பது தண்டியின் ‘காவியாதர்ச’த்தை. காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய தண்டியின் நூல்தான் தமிழில் ‘தண்டியலங்கார’மாகியது. வகுப்பறையில் உவமையணிக்கும் தீவக அணிக்கும் நாம் விளக்கம் சொல்லும் அதே வழியில், பேத்வா நதிக்கரையில் ஒரு பெண்ணுக்கு ஒருவர் பாடம் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டுதான் அந்திரிக் கொலை.

பிற்பாட்டுக் கதை விரைவில் முடிவது. 1627இல் வீர்சிங் மறைந்தார். மகன் ஜுஜார் சிங் ஷாஜகானை எதிர்த்தார். 1635இல் பதினாறு வயது ஔரங்கசீப்பைப் பெயரளவில் தலைவராகக் கொண்ட மொகலாயப் படை ஓர்ச்சாவைப் பிடித்தது. வீர்சிங் மதுராவில் எழுப்பிய கேசவ தேவர் கோயிலும் 1670இல் அதே ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டது. 1783இல் புந்தேலர் தலைநகரைத் தெற்கே டிகம்கட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். ராம ராஜா கோயிலுக்கு மட்டும் கூட்டம் குறையவில்லை. அங்கே இராமர் அரசராகவே வழிபடப்படுகிறார். காவலர்கள் நாள்தோறும் துப்பாக்கி ஏந்தி மரியாதை செலுத்துகிறார்கள். ஓர்ச்சாவுக்கு இப்போது இருக்கும் ஒரே அரசர் அவர்தாம்.