தோட்டத்துச் சொல்லும் தாவர நூலும்



செடி கொடிகளின் உறுப்புகளுக்குப் பெயர் சொல்வது பெரிய படிப்புப் படித்தவர்களின் வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. நம் தோட்டத்து மக்களின் வாயில் அன்றாடம் புழங்கும் சொற்களுக்கு நெடிய வரலாறு உண்டு. அந்த வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

நமக்குக் கிடைத்துள்ள தமிழ் நூல்களுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று தொல்காப்பியம். அது இலக்கண நூல். ஆனாலும் அதன் மரபியல் என்னும் பகுதியில் தாவரங்களைப் பற்றியும் பேசப்படுகிறது. உடம்பின் வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவை புல் இனம். உட்புறம் வயிரம் பாய்ந்தவை மர இனம் என்று ஆசிரியர் இரண்டாகப் பிரிக்கிறார். தென்னையும் பனையும் மூங்கிலும் எவ்வளவு உயரமாக வளர்ந்தாலும் இந்தக் கணக்கில் புல்தான்!

அதோடு நிற்கவில்லை. எந்த இனத்தின் உறுப்பை எந்தச் சொல்லால் சொல்ல வேண்டும் என்றும் வகுத்திருக்கிறார். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலியவை புல் இனத்துக்கு உரியவை. இலை, தளிர், அரும்பு முதலியவை மரத்துக்கு உரியவை. காய், பழம், தோல் போன்றவை இரண்டுக்கும் பொது.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். செம்பனை வெட்டுகிறவர் என்ன சொல்கிறார்? "குலை பழுத்திருச்சு" என்கிறார். "பாளை வந்திருக்கு" என்கிறார். வாசல் கூட்டுவதற்கு நம் வீட்டுப் பெண்கள் ஓலையிலிருந்து ஈர்க்குச்சி சீவுகிறார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டிகூட "செம்பனை இலை" என்று சொல்லமாட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனை மரத்தைத் தொல்காப்பியர் கண்டதில்லை. 1917-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில்தான் மலாயாவில் அது முதன்முதலாக வாணிபப் பயிராக நடப்பட்டது. புது மரம் வந்தபோது, அதன் உடலமைப்பைப் பார்த்துத் தென்னைக்கும் பனைக்கும் உரிய பழைய சொற்களையே நம்ம ஆளுங்க அதற்கும் கொடுத்தார்கள். எவ்வளவு நுட்பமான கண்!

மேல்நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்தது. இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜான் ரே 1682-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், வித்திலை ஒன்றா இரண்டா என்று பார்த்துத் தாவரங்களை வேறுபடுத்திக் காட்டினார். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1751-ஆம் ஆண்டு எழுதிய நூலில் இலை, பூ, தண்டு ஆகியவற்றின் வடிவங்களுக்கு உரிய சொற்களை ஒழுங்குபடுத்தினார். ஈட்டி வடிவ இலை, இதய வடிவ இலை, கூட்டிலை என்று நம் மாணவர்கள் இன்று படிப்பது அந்த வழியில் வந்ததுதான். ரப்பர் இலையை எடுத்துப் பாருங்கள். ஒரே காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். மூன்றும் சேர்ந்துதான் ஓர் இலை. அதனால் அது கூட்டிலை.

தொல்காப்பியரின் பிரிவும் ஜான் ரேயின் பிரிவும் அப்படியே ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் தண்டைப் பார்த்தார். மற்றவர் விதையைப் பார்த்தார். ஆயினும் பனை, மூங்கில் வகைகளை மற்ற மரங்களிலிருந்து பிரித்ததில் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

இந்த வேறுபாடு நம் பிழைப்போடும் தொடர்புடையது. 1877-ஆம் ஆண்டு 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1888-ல் அங்குப் பொறுப்பேற்ற ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பாலெடுக்கும் முறையைக் கண்டார். ரப்பர் மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளர்படை என்ற மெல்லிய அடுக்கு உண்டு. வெட்டின பட்டையைத் திரும்ப வளர்ப்பது அதுதான். "கட்டையில காயம் படாம வெட்டு" என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்வதன் காரணம் இதுவே. வளர்படை காயப்பட்டால் மறுபட்டை ஒழுங்காக வராது. செம்பனைக்கும் தென்னைக்கும் இந்த அடுக்கே கிடையாது.

மாணவர்களே! இன்று பல தோட்டங்கள் அழிந்து வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. தோட்டத்தோடு சொற்களும் போய்விடக் கூடாது. எல்லாவற்றையும் "இலை", "குச்சி" என்று சொல்லும் பழக்கம் இப்போதே வந்துவிட்டது. சொல் போனால் அதைக் கண்டறிந்த கண்ணும் போய்விடும். தோட்டத்துப் பேச்சு என்று வெட்கப்பட வேண்டாம். உங்கள் தாத்தா பாட்டியிடம் பாளை, மடல், ஈர்க்கு, குரும்பை, பிஞ்சு, சருகு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு எழுதி வையுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது "ஒனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று விரட்டாதீர்கள். நீங்கள் சொல்லப்போவது பாடநூலுக்குக் குறைந்ததன்று.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!